ஒலிப்பதிவு அறையும் யாழ்ப்பாணத்து இசையும்

கலைகள் பலவற்றுள்ளும் இசைக்கலை ஒன்றே பிறந்த கணத்திலேயே மறையும் இயல்புடையது. ஓவியன் தீட்டியது சுவரில் நிற்கும். சிற்பி செதுக்கியது கல்லில் நிற்கும். புலவன் பாடியது ஏட்டில் நிற்கும். பாடகன் பாடியதோ, காற்றில் எழுந்து காற்றிலேயே அடங்கிவிடும். அதனைக் காத்துவைக்கும் பேழையாக நெடுங்காலம் விளங்கியது மாணாக்கனின் மிடறு ஒன்றே. ஆசிரியனிடமிருந்து மாணாக்கனுக்கும், தந்தையிடமிருந்து மைந்தனுக்கும் வாய்வழியாக வந்த இசை, இடையில் ஒரு தலைமுறை அறுந்தால் அதனோடு அறுந்துபோயிற்று. 1877 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய எடிசன் தகரத்தாள் சுற்றிய உருளையில் மனிதக் குரலைப் பதிந்து, அதனை மீண்டும் பேசச் செய்தபோதுதான் இந்நிலை மாறத் தொடங்கிற்று.

ஆயின், கருவி ஒன்று கிடைத்த அளவிலே இசை காக்கப்பட்டுவிடாது. நல்ல ஒலிப்பதிவுக்கு மூன்று இன்றியமையாதன. புறத்தே எழும் இரைச்சல் உட்புகாதிருத்தல் ஒன்று. அகத்தே எழும் ஒலி சுவரிற் பட்டுத் திரும்பித் திரும்பி மயங்காதிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் அமைந்த அறையிலே, கலைஞன் தடையின்றிப் பாடுதற்குக் குறித்த நேரம் ஒதுக்கப்பெறுதல் மூன்றாவது. முன்னைய இரண்டும் பௌதிகத்தின்பாற்பட்டன, மூன்றாவது பொருளாதாரத்தின்பாற்பட்டது. இம்மூன்றும் உலகில் எவ்வாறு அமைந்தன, யாழ்ப்பாணத்தார்க்கு எவ்வாறு கிட்டின, எவ்வாறு கிட்டாதொழிந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது வெறுங் கருவிகளின் வரலாறு அன்று. நம்மவர் இசையில் எது நிலைத்தது, எது அழிந்தது என்பதன் வரலாறும் ஆகும்.

முன்னோர் கண்ட அரங்கு

ஒலிக்கு இசைவான இடத்தை அமைத்தல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என எண்ணுதல் பொருந்தாது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவுகள் தெளிவாகக் கூறப்பட்டுள்ளன. இருபத்துநான்கு பெருவிரல் அளவுள்ள மூங்கிற் கோலை அளவுகோலாகக் கொண்டு, அகலம் ஏழு கோலும், நீளம் எட்டுக் கோலும், உயரம் ஒரு கோலுமாக அவ்வரங்கு அமைந்தது. மேலே பரப்பிய பலகைக்கும் அரங்கின் தளத்துக்கும் இடையே நான்கு கோல் இடைவெளி விடப்பட்டது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் தொங்கவிடப்பட்டன. மரத்தளமும் மேற்பலகையும் துணித்திரைகளும் சேர்ந்த இவ்வமைப்புக் காட்சியின் பொருட்டே எழுந்தது எனினும், செவிக்கும் அது துணைசெய்திருக்கும் என்பது ஒலியியல் அறிந்தார்க்கு விளங்கும். மரம் ஒலிக்கு வலுவூட்டும். துணி மிகையான எதிரொலியை அடக்கும்.

நம் நாட்டுப் புறத்தே வழங்கிய கூத்துக் கொட்டகையும் இத்தகையதே. பனையோலையோ தென்னங்கிடுகோ வேய்ந்த கூரை, கிடுகு வரிந்த மறைப்பு, மணல் பரப்பிய தரை, அதன்மேல் நெருங்கி அமர்ந்த மக்கள் கூட்டம் ஆகிய யாவும் ஒலியை உண்பன. ஓலைகளுக்கு இடையேயுள்ள எண்ணிறந்த நுண்ணிய இடைவெளிகளிற் புகுந்த ஒலி மீண்டும் வெளிவருவதில்லை. ஆதலால் அண்ணாவியாரின் சொல் ஒவ்வொன்றும் ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் தெளிவாகக் கேட்டது. அதே பாட்டைச் சீமெந்து பூசிய சுவரும் தகரக் கூரையுமுடைய இன்றைய மண்டபத்திற் பாடினாற் சொல்லும் சொல்லும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பொருள் மயங்குதலை நாம் காண்கின்றோம். கிடுகுக் கொட்டகையை வறுமையின் சின்னமாகக் கருதி நாம் கைவிட்டபோது, அதனோடு ஒரு நற்பண்பையும் கைவிட்டோம் எனலாம்.

நாதசுரமும் தவிலும் இவற்றினின்று வேறுபட்டன. அவை திறந்த வீதிக்கும் கற்றூண் மண்டபத்துக்கும் உரிய கருவிகள். சுவாமி வீதியுலா வரும்போது பல நூறு முழத்துக்கு அப்பால் நிற்பார்க்கும் கேட்க வேண்டும் என்பது கருதியே அவற்றின் ஒலிவலிமை அமைந்தது. பின்னாளில் சிறிய ஒலிப்பதிவு அறைகளுள் இவை புகுந்தபோது எழுந்த இடர்ப்பாடுகள் பலவற்றுக்கும் இதுவே காரணம்.

ஒலி இழந்த யாழ்

ஒலியைப் பதிந்துவைக்க இயலாத காலத்து இழப்பு எத்துணைப் பெரிது என்பதற்கு யாழினும் சிறந்த சான்று இல்லை. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் எனப் பெயர்கள் உள; உறுப்புகளின் பெயர்களும் நரம்புகளின் எண்ணிக்கையும் உள; பாலைகளின் வகுப்பும் உளது. ஒலி மட்டும் இல்லை. யாழ்ப்பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற நாடு எனப் பழங்கதை கூறும் இந்நாட்டிலும் அவன் மீட்டிய யாழின் ஒரு நரம்பொலியைக் கேட்டவர் இன்று எவரும் இலர்.

இவ்விழப்பை ஈடுசெய்ய முனைந்தவர் ஈழத்துப் பெரியார் விபுலாநந்த அடிகளார். காரைதீவிற் பிறந்து, துறவு பூணுமுன் மயில்வாகனனார் என்னும் பெயரோடு மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பணிபுரிந்த அவர், இசையறிவையும் கணித அறிவையும் ஒருங்கே கொண்டு பல்லாண்டு ஆய்ந்து யாழ் நூலை இயற்றினார். அது 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றப்பெற்றது. அடுத்த மாதமே அடிகளார் இவ்வுலக வாழ்வை நீத்தார். பேரறிஞர் ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டுப் பின்னக் கணக்குகளால் மீட்க முயன்றதை, அக்காலத்தில் ஒலிப்பதிவு இருந்திருப்பின் சில மணித்துளிகளிற் கேட்டறிந்திருக்கலாம். நாளைய ஆராய்ச்சியாளன் ஒருவன் நம் தவிலுக்கும் கூத்துப்பாட்டுக்கும் இவ்வாறே கணக்கிட்டு வருந்தும் நிலை வரலாகாது என்பதே இங்குக் கருதத்தக்கது.

விடுதியறையில் தொடங்கிய வரலாறு

பேர்ளினர் என்பார் 1887 ஆம் ஆண்டில் தட்டையான இசைத்தட்டுக்கு உரிமம் பெற்றார். இலண்டனில் நிறுவப்பட்ட கிராமபோன் கம்பெனியார் கீழைத்தேயங்களின் இசையைப் பதிந்து விற்க விரும்பி, கெய்ஸ்பேர்க் என்னும் பதிவாளரை அனுப்பினர். அவர் 1902 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் கல்கத்தாவில் விடுதியறை ஒன்றையே பதிவிடமாக்கிக் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். அம்மையார் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். பதிந்த மெழுகுத் தட்டுகள் யேர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று அங்கே இசைத்தட்டாக வார்க்கப்பட்டன. இந்திய மொழி அறியாத ஆங்குள்ள தொழிலாளர் எது எவர் பாட்டு எனத் தெரிந்துகொள்வதற்கே இவ்வேற்பாடு செய்யப்பட்டது.

அக்காலத்து ஒலிப்பதிவில் மின்சாரம் இல்லை. பெரியதொரு ஊதுகொம்பின் வாயருகே பாடகர் நின்று உரக்கப் பாடுவர். ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகிற் கோடிடும். மெல்லிய ஒலி பதியாது. பெருத்த ஒலி ஊசியைத் துள்ளச் செய்யும். உச்சத்தைப் பாடும்போது பாடகர் தலையைப் பின்னே சாய்த்தல் வேண்டும். தவறு நேரின் அத்தட்டைக் கழித்துவிட்டுப் புதியதிலே தொடக்கத்திலிருந்து பாடுதல் வேண்டும். 1925 ஆம் ஆண்டளவில் ஒலிவாங்கியும் மின்சாரப் பதிவும் வந்தபின்னரே இவ்விடர்கள் குறைந்தன.

இசைத்தட்டு நம் இசைக்கு இட்ட முதற் கட்டளை நேரக் கட்டளையாகும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். விடியுமட்டும் விரிந்து சென்ற இராக ஆலாபனை இக்குறுகிய எல்லைக்குள் அடங்க வேண்டியதாயிற்று. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை அவர்களின் தோடி இசைத்தட்டு, ஒரு பெருங்கடலைச் சிறு செம்பில் ஏந்தியதுபோல, இச்சுருக்கத்திலும் பெருமை குன்றாது நின்றது. எனினும், மூன்று நிமிடத்துக்கு இசைந்த நாடகப் பாட்டும் கீர்த்தனையும் தட்டில் ஏறின. இரவு முழுவதும் ஆடிப் பாடும் கூத்து ஏறவில்லை. கலையின் தகுதி நோக்கி அன்றித் தட்டின் அளவு நோக்கியே தேர்வு நடந்தது. சென்னையில் ஓடியன், கொலம்பியா முதலிய பெயர்களோடு வெளிவந்த தட்டுகள் பாக்குநீரிணையைக் கடந்து யாழ்ப்பாணத்து வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தன. கேட்போராக நாம் முந்திக்கொண்டோம். பதிவோராக நெடுங்காலம் பிந்தியே இருந்தோம்.

சபைன் கண்ட கணக்கு

அறையின் ஒலியியல்பு முயற்சியாலும் தவறாலும் மட்டுமே அறியத்தக்கது என்ற எண்ணத்தை மாற்றியவர் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்து இளம் பௌதிக ஆசிரியர் வலஸ் சபைன். 1895 ஆம் ஆண்டிற் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபம் ஒன்றிற் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரைச் செக்கன் வரை அடங்காது ஒலித்துக்கொண்டிருந்தது. அதனைச் சீர்செய்யும் பொறுப்பு சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் அடங்கிய நள்ளிரவில், அண்மையிலுள்ள அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து ஒன்றொன்றாகப் பரப்பி, ஓர்கன் குழலை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடியுமுன் மெத்தைகளை மீண்டும் உரிய இடத்திற் சேர்த்தார். இவ்வாறு பல இரவுகள் கழிந்தபின் அவர் கண்ட விதி எளியது. அறையின் கனவளவு கூடினால் எதிர்முழக்க நேரம் கூடும்; ஒலியை உறிஞ்சும் பரப்புக் கூடினால் அது குறையும். 1900 ஆம் ஆண்டிற் பொஸ்டன் நகரில் திறக்கப்பட்ட இசை மண்டபம் இவ்விதியை முன்வைத்துக் கட்டப்பெற்று இன்றும் புகழோடு விளங்குகின்றது.

இவ்விதியை நம் ஊரில் ஓர் அறைக்குப் பொருத்திப் பார்ப்போம். நீளம் 5 மீற்றர், அகலம் 4 மீற்றர், உயரம் 3 மீற்றர் உடைய அறையின் கனவளவு 60 கன மீற்றர். அதன் ஆறு பக்கங்களின் பரப்பு 94 சதுர மீற்றர். சுவரும் கூரையும் தரையும் சீமெந்து பூசப்பட்டனவாயின், தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்களவே உறிஞ்சும். கணக்கிடின் ஒலி அடங்க மூன்று செக்கனுக்கு மேலாகும். அதே அறையிற் கம்பளம், தடித்த பஞ்சடைத்த பலகை, திரை ஆகியன இட்டுச் சராசரி உறிஞ்சலை நூற்றுக்கு முப்பதாக்கினால், நேரம் மூன்றிலொரு செக்கனாகக் குறையும். முன்னையது குகை, பின்னையது ஒலிப்பதிவு அறை.

இங்குப் பலரும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. எதிரொலியை அடக்குதல் வேறு. வெளி இரைச்சலைத் தடுத்தல் வேறு. பஞ்சும் திரையும் முன்னையதற்கு உதவும், பின்னையதற்கு உதவா. இரைச்சலைத் தடுக்க எடை மிக்க சுவர் வேண்டும். ஓர் ஒற்றைச் சுவரின் எடையை இரட்டித்தாற் கிட்டும் பயன் ஏறத்தாழ 6 டெசிபெல் மட்டுமே. ஆகவே, இடையில் வெற்றிடம் விட்ட இரட்டைச் சுவரும், காற்றுப் புகாத இரட்டைக் கதவும் அமைப்பர். அதுபோலவே, உறிஞ்சும் பொருளின் தடிப்பும் கருதத்தக்கது. தவிலின் தொப்பியில் எழும் 100 அதிர்வெண் உடைய ஒலியின் அலைநீளம் 3 மீற்றருக்கு மேற்பட்டது. அதனை அடக்க வல்ல பொருள் முழங்கணக்கில் தடித்திருத்தல் வேண்டும். சுவரில் முட்டைத் தட்டுகளை ஒட்டுவதால் கீச்சொலி சிறிது குறையுமேயன்றித் தவிலின் முழக்கம் குறையாது.

நேரம் விலைப்பொருளாதல்

இத்தகைய அறையைக் கட்டப் பெரும்பொருள் வேண்டும். ஆதலால் அதனைத் தனியொருவர் தமக்கெனக் கட்டிக்கொள்ளுதல் அரிதாயிற்று. கம்பெனிகள் கட்டின, கலைஞர் அதிற் குறித்த நேரத்துக்கு மட்டும் இடம் பெற்றனர். இலண்டன் அபி வீதியிற் கிராமபோன் கம்பெனி அமைத்த ஒலிப்பதிவு நிலையம் 1931 ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. ஆங்கு மூன்று மணி நேரம் ஓர் அமர்வு என்பது வழக்கம். 1963 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆம் நாள் பீற்றில்ஸ் என்னும் இளைஞர் நால்வர் காலை, பிற்பகல், இரவு என மூன்று அமர்வுகளில் பத்துப் பாடல்களைப் பாடித் தம் முதல் நெடுந்தட்டை நிறைவுசெய்தனர். நேரம் விலைப்பொருளானபோது, முன்னரே பலமுறை மேடையிற் பாடிப் பயின்றவர்க்கு அது போதியதாயிற்று. பயிலாதவர்க்கு எவ்வளவு நேரமும் போதாது.

சென்னையிற் படப்பாட்டுத் தொழில் வளர்ந்தபோது 'கால்ஷீற்' என்னும் சொல் இசைவாணர் வாழ்வை ஆளத் தொடங்கிற்று. வயலின்காரர் நாற்பதின்மரும் தாளக் கருவிக்காரரும் பாடகரும் ஒருங்கே குறித்த வேளையிற் கூடிப் பாடி முடித்தல் வேண்டும்; ஒருவர் பிழைத்தாலும் அனைவரும் மீளத் தொடங்குவர். யாழ்ப்பாணத்தார் பலர்க்கு நல்ல ஒலிப்பதிவு என்றால் சென்னை என்றே பொருளாயிற்று. இணுவிலைச் சேர்ந்த வீரமணி ஐயர், சென்னையிற் கலை பயின்ற காலத்தில் மயிலைக் கற்பகாம்பாள் மீது இயற்றிய பாடல், ரி. எம். சௌந்தரராஜன் அவர்களின் குரலில் தமிழுலகெங்கும் பரவியது. பாட்டு நம்முடையது, பதிவிடமும் குரலும் அக்கரையின. அப்பாடலை இயற்றியவர் ஈழத்தவர் என்பதை அறியாது கேட்பவர் பலர்.

கொழும்பு வானொலியும் யாழ்ப்பாணக் கலைஞரும்

இலங்கையில் ஒலிபரப்பு ஆசியாவிலேயே முற்பட்ட முயற்சிகளுள் ஒன்றாகும். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் 1923 ஆம் ஆண்டிற் கொழும்பு மத்திய தந்தி நிலையத்துச் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பினார். கைப்பற்றப்பட்ட யேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகள் அதற்குப் பயன்பட்டன. முறையான ஒலிபரப்பு 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகளின் பொருட்டு நிறுவப்பட்ட வலிய நிலையமும் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தது. இலங்கை வானொலி 1967 ஆம் ஆண்டிற் கூட்டுத்தாபனமாயிற்று.

கொழும்பு வானொலி நிலையத்துக் கலையகங்களே நெடுங்காலம் ஈழத்துத் தமிழிசைக்குக் கிடைத்த முறையான ஒலிப்பதிவு அறைகளாக விளங்கின. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம் போன்றோர் அங்குப் பணிபுரிந்து தமிழ் ஒலிபரப்பை ஒரு கலையாகவே வளர்த்தனர். ஒலிபரப்புக் கலை என்னும் நூலையும் அவர் இயற்றினார். பீ. பீ. சீ. யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவரும் அவரே. வானொலி நாடகமும் மெல்லிசையும் அக்கலையகங்களிற் பிறந்தன.

ஆயின், அந்த அறை ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. கால்மணி அல்லது அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்கு யாழ்ப்பாணத்துக் கலைஞர் கருவிகளைச் சுமந்துகொண்டு இரவுத் தபால் வண்டியிலோ, 1956 ஆம் ஆண்டு முதல் யாழ்தேவியிலோ கொழும்பு சென்று, குறித்த நாழிகையிற் பாடிவிட்டு மீண்டும் வண்டியேற வேண்டும். பாடியது அரைமணி, பயணம் இரண்டு நாள். தனிப்பாடகர் இதனை ஒருவாறு தாங்கினர். இருபது முப்பது பேர் சேர்ந்து ஆடும் கூத்துக் குழு எங்ஙனம் தாங்கும்? தூரம் நீண்டதனாலும் நேரம் குறுகியதனாலும் கூத்துக் கலையின் பெரும்பகுதி ஒலிப்பதிவு வாயிலுக்கு வெளியிலேயே நின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' முதலியவற்றை நகர மேடைக்கு ஏற்பச் சுருக்கி அளித்து நாட்டுக்கூத்துக்குக் கற்றோர் நடுவே மதிப்பை மீட்டார். ஆயினும் காத்தவராயன் கூத்தையும், பாசையூர், குருநகர் முதலிய கரையோர ஊர்களின் தென்மோடிக் கூத்துகளையும் முழுமையாகப் பாடவல்ல பழைய அண்ணாவிமார் பலர் தம் குரலைப் பதிந்துவையாமலே மறைந்தனர்.

வானொலியிற் பதியப்பட்டவையும் யாவும் நிலைத்தில. காந்த நாடா விலையுயர்ந்தது; பதிவகங்களில் வழங்கிய பத்து அங்குலச் சுருள், செக்கனுக்குப் பதினைந்து அங்குல வேகத்தில் ஓடினால், அரைமணி நேரமே கொள்ளும். எனவே பழைய பதிவை அழித்து அதே நாடாவிற் புதியதைப் பதிதல், பீ. பீ. சீ. உள்ளிட்ட உலக வானொலி நிலையங்கள் பலவற்றிலும் வழக்கமாயிருந்தது. சிக்கனம் கருதிச் செய்த இச்செயலாற் சென்றொழிந்த குரல்கள் எத்தனையோ.

நாடா தந்ததும் போர் கொண்டதும்

1970 களிற் கைக்கடக்கமான கசெற் நாடாப் பெட்டி பரவியபோது பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. ஒலிப்பதிவு அறைக்குச் செல்லாமலே கோயில் வீதியில் நின்று எவரும் கச்சேரியைப் பதியலாயினர். தவிற் பேரறிஞர் யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி (1933-1975) அவர்களின் வாசிப்பிற் சில பகுதிகள் இன்றும் நமக்குக் கேட்பதற்கு உள்ளன என்றால், அதற்கு இரசிகர்களின் ஆர்வமும் ஒரு காரணமாகும். அளவெட்டி என். கே. பத்மநாதன் அவர்களின் நாதசுரமும், அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான முறை மேடையேற்றிய நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் குரலும் இவ்வாறே பல வீடுகளிற் பேணப்பட்டன. பாடல்களை விரும்பியவாறு நாடாவிற் பதிந்து கொடுக்கும் கடைகள் யாழ் நகரில் தோன்றின. இவ்வீட்டுப் பதிவுகளில் மணியோசையும் வெடியோசையும் மக்கள் பேச்சும் கலந்தே உள்ளன. எனினும், அறை இல்லாத நாட்டில் அவையே ஆவணம்.

அவ்வாவணங்களையும் போர் விட்டுவைக்கவில்லை. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1990 ஆம் ஆண்டில் யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, மின்கலங்களும் தடைசெய்யப்பட்டன. அக்காலத்து மக்கள் ஈருருளியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவில் எழும் மின்சாரத்தால் வானொலியையும் நாடாப் பெட்டியையும் இயக்கிக் கேட்டனர். ஒருவர் சுழற்ற மற்றையோர் கேட்பர். கை தளர்ந்தால் பாட்டும் தளரும். இசைக்காக இவ்வாறு உடலை வருத்திய மக்கள் இசையை மதியாதவர் என எவரும் கூறவியலாது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, கையில் ஏந்திச் சென்றவை சிலவே. வீடுகளில் விட்டுச் சென்ற பொருள்களுள் இந்நாடாக்களும் அடங்கும். மீண்டு வந்தபோது பல வீடுகளே இருந்தில. நாடாக்களைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

இன்றைய நிலையும் இனிச் செயற்பாலனவும்

போர் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்றது. யாழ்தேவி 2014 ஆம் ஆண்டில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கணினியின் வருகையால் ஒலிப்பதிவுக் கருவிகளின் விலை முன்னொருபோதும் இல்லாதவாறு தாழ்ந்துள்ளது. முன்னர் ஒரு கட்டடத்தை நிரப்பிய கருவிகளின் பணியை இன்று ஒரு மேசை தாங்குகின்றது. இளைஞர் தம் வீட்டறைகளிலேயே பதிவு செய்கின்றனர். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பதிவறைகளும் உள்ளன. 2023 ஆம் ஆண்டில் மக்களிடம் கையளிக்கப்பட்ட யாழ்ப்பாணக் கலாசார நிலையத்தில் அறுநூறு பேர் அமரத்தக்க அரங்கும் அமைந்துள்ளது. நூலக நிறுவனத்தார் 2005 ஆம் ஆண்டு தொடக்கம் நூல்களை மின்வடிவிற் பேணி வருவதோடு, வாய்மொழி வரலாறுகளையும் பதிந்து வருகின்றனர். இவை யாவும் மகிழ்ச்சிக்குரியன.

எனினும், கருவி மலிந்த அளவுக்கு அறை மலியவில்லை. கணினி எவ்வளவு சிறந்ததாயினும், மயங்கிப் பதிந்த ஒலியைத் தெளிவாக்கல் அரிது. அறையின் கனவளவும் சுவரின் எடையும் சபைன் காலத்துக் கணக்கையே இன்றும் பின்பற்றுகின்றன. மணிக்கு இவ்வளவு என விலை குறித்த அறையில், பணம் கொடுத்து நேரம் பெறுவோர் பெரும்பாலும் இளையோர். பதியப்பட வேண்டிய அவசரம் உள்ளவரோ முதியோர். அண்ணாவியார் ஒருவர் தமக்குத் தெரிந்த கூத்து முழுவதையும் பாடி முடிக்க எட்டு மணி நேரமாயினும் வேண்டும். இடையில் இளைப்பாறவும் மறந்ததை நினைவுகூரவும் வேண்டும். சந்தையின் கணக்குக்கு அவர் ஆகாதவர். வரலாற்றின் கணக்குக்கோ அவரே முதல்வர்.

ஆதலின், சந்தை செய்யாததைச் சமுதாயம் செய்தல் வேண்டும். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த பல்கலைக்கழகத் துறையினரும், கல்லூரிகளும், கோயில் அறங்காவலரும், புலம்பெயர்ந்து வாழும் அன்பரும் ஒன்றுகூடின், பொது ஒலிப்பதிவு அறை ஒன்றை நன்முறையில் அமைத்தல் இயலாததன்று. அதில் வாரத்தில் ஒரு நாளேனும் எழுபது வயது கடந்த கலைஞர்க்கெனக் கட்டணமின்றி ஒதுக்கப்படல் வேண்டும். பதிந்தவை ஒரே இடத்தில் இராது, நூலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் கடல்கடந்த நாடொன்றிலுமாக மூன்று படிகளாய்ப் பேணப்படல் வேண்டும். ஒரே இடத்தில் அனைத்தையும் வைத்தலின் விளைவை 1981 ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியுள்ளது. வீட்டுப் பேழைகளிற் கிடக்கும் பழைய நாடாக்கள், பூஞ்சணம் பற்றி அழியுமுன் மின்வடிவுக்கு மாற்றப்படலும் உடனடித் தேவையாகும். இப்பணியிற் கல்லூரி மாணவர் பெரிதும் உதவலாம். தம் ஊரிலுள்ள முதிய கலைஞர் யார், அவர்க்கு என்ன தெரியும், அவர் வீட்டில் எவ்வகை நாடாக்கள் உள என்பவற்றைத் திரட்டிப் பட்டியலிடுதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு விடுமுறைக் காலமும் ஒரு குறிப்பேடும் போதும்.

யாழ் நூலின் ஆசிரியர் ஒலி இழந்த கருவிக்கு மீண்டும் ஒலி கொடுக்க உழைத்தார். அவர்க்கு வாய்த்தவை பழைய செய்யுட்களும் எண்களும் மட்டுமே. நமக்கோ கருவியும் உண்டு, அறையமைக்கும் அறிவும் உண்டு, பாட வல்லார் சிலர் இன்னும் உளர். இம்மூன்றும் ஒருங்கே இருக்கும் காலம் நெடிதன்று. முதிய கலைஞர்க்கு ஒதுக்கும் நேரத்தை அவர்கள் உயிரோடிருக்கும் நாளிலேயே ஒதுக்குதல் நம் தலைமுறையின் கடனாகும்.